சாம்பல் திருடியதாக ஒரு விசாரணை

விசாரணை அறையில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு நாற்காலி போடுவது. சிரிக்காதீர்கள். பணியாளர் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளெல்லாம் மனப்பாடம், அதில் எனக்குக் கவலை இல்லை. நாற்காலி போடுவீர்களா என்பதுதான் என் கவலை.

அறுபதுகளில் திருவள்ளூர்ப் பக்கம் ஓர் ஆலையில் நான் சேர்ந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்தவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் இது. பெயர் வேண்டாம், அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. ஒரு ஃபிட்டர் பித்தளை வால்வைச் சாப்பாட்டு கேரியரில் வைத்துக் கடத்தினான் என்று ஒருநாள் புகார் வந்தது. ஸ்டோர்ஸ்காரர், வாட்ச்மேன், மேஸ்திரி மூன்று பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேலதிகாரி அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. அதே அளவு வால்வு ஒன்றையும் அந்தக் கேரியரையும் மேஜைமேல் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். ஃபிட்டரை உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டோர்ஸ்காரரைப் பார்த்து, "உள்ள வையி, பாக்கலாம்" என்றார். கேரியரின் வாய்க்குள்ளேயே அது நுழையவில்லை. ஸ்டோர்ஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பி அழுத்திய அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"காயிதத்துல எது வேணா நுழையும். பொருளக் கொண்டாந்து எதுர்ல வச்சிப் பாரு" என்றார் என்னிடம். அவ்வளவுதான், வேறு உபதேசம் எதுவும் அவர் செய்யவில்லை.

நாற்காலி, பொருள் என்ற இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுபதுகளில் புதுவாயல் தாண்டி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் முளைத்த ஒரு புது ஆலைக்குப் போனேன். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன். முடியாவிட்டால் வயதானவன் கத்துகிறான் என்று விட்டுவிடுங்கள்.

ஆலையின் இயந்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றை நிறுவ மொரிதா என்ற இன்ஜினியர் மனைவியோடு வந்து, ஆலைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். அந்த அம்மாள் கொண்டுவந்த வீட்டுச் சாமான்களில் ஒன்று ஹிபாச்சி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பீங்கானில் செய்த கணப்புச் சட்டி. முழங்கால் உயரம், வெள்ளை உடம்பில் நீல நிறத்தில் பைன் மரமும் அலையும் வரைந்திருக்கும். மிகப் பழையது. மொரிதாவின் தாய் வீட்டில் புழங்கியது.

ஒரு நாள் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். நமக்குத் தெரிந்த குமுட்டி அடுப்பில் நடுவே கம்பித் தட்டு, கீழே காற்று புக வாய் இருக்கும். இதில் எதுவும் இல்லை. முக்கால்வாசி உயரத்துக்குச் சாம்பல், மாவு போல மெத்தென்ற சாம்பல். அதன் நடுவே பாதி புதைந்தபடி நாலைந்து கரித்துண்டு கனிந்துகொண்டிருக்கும். சாம்பலில் ஊன்றிய மூன்று கால் இரும்பு வளையத்தின்மேல் ஒரு கெண்டி, அதில் எப்போதும் வெந்நீர். கரியை நகர்த்த ஒரு ஜோடி உலோகக் குச்சி. அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் குடும்பமே இதைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காயுமாம், அரிசிப் பலகாரம் சுடுமாம், கிழவர்கள் புகைக்குழாய் பற்றவைத்துக்கொள்வார்களாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர் காய யார் இருக்கிறார்கள்? அந்த அம்மாள் ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவைத்துக்கொண்டு, தேநீருக்கு வெந்நீர் போட்டார். பழவேற்காட்டுக் கருவாடு வாட்டினார்.

கருவாடு கொண்டுவந்து கொடுத்தவர் எஸ்தர். ஆலையின் விருந்தினர் விடுதியைப் பெருக்குவது அவர் வேலை. அது முடிந்ததும் மொரிதா வீட்டில் மேல்வேலை செய்வார். ஆலை எழும்பிய நிலம் வயலாக இருந்தபோது அதில் நாற்று நட்டவர். நிலம் சொந்தமில்லாததால் அவருக்கு நஷ்டஈடு என்று எதுவும் கிடையாது. ஏதோ கருணை காட்டுவது போலத் தினக்கூலியாக எடுத்தார்கள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். நிரந்தர உத்தரவு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்திருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் என் மேஜைக்கு அவர் பேரில் குற்றப் பத்திரிகை வந்தது. குற்றம் ஒன்று: விலைமதிப்பற்ற பழம்பொருளைக் கழுவும்போது கவனக்குறைவாகக் கீழே போட்டு உடைத்தது. குற்றம் இரண்டு: ஆலை வளாகத்திலிருந்து ஒரு டின் சாம்பல் திருடியது.

ஆமாம், சாம்பல்தான். நானும் இரண்டு முறை படித்தேன். எழுதியவர் அட்மின் ஆபீசர், டை கட்டிய மனிதர்.

விசாரணையில் அவர் எதிரில் எஸ்தருக்கு நாற்காலி போட்டேன். "இவங்களுக்கெல்லாம் உக்காந்து பழக்கம் இல்ல சார்" என்றார் அவர்.

"நீங்க மட்டும் பொறக்கும்போதே நாற்காலியோட பொறந்தீங்களா?" என்றேன்.

எஸ்தர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பொரியத் தொடங்கினார்.

"இன்னா சார் இது, அநியாயமா கீது? சாம்பல யாருனா திருடுவாங்களா? எங்க ஊட்டு அடுப்புல அள்ள அள்ள கீது. வேணும்னா சொல்லு, ஒரு மூட்ட கொண்டாந்து போடறேன், கம்பெனியே வச்சிக்கட்டும்!"

"அப்ப டின்ல எதுக்கு எடுத்துட்டுப் போன?" என்றார் அட்மின் ஆபீசர்.

"எதுக்கா? நீ கொட்ட சொன்ன இல்ல, அதுக்குத்தான்!"

நடந்தது இதுதான். ஜப்பான் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருவதாக இருந்தது. விடுதியில் அவர்கள் ஊர் முறைப்படி தேநீர் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று அட்மின் ஆபீசருக்கு ஆசை. மொரிதா அம்மாள் அப்போது கொடைக்கானலில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தார். மொரிதாவோ இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டார்கள், அவர் என்ன புரிந்துகொண்டார் என்று யாருக்கும் தெரியாது. தலையை ஆட்டினார், அது போதுமாக இருந்தது. ஹிபாச்சியை விடுதிக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். மீதியை எஸ்தரே சொன்னார்.

"காலைல இந்த சார் வந்து, 'இன்னாம்மா குப்பைய ரொப்பி வச்சிக்கினு கீற, கொட்டிட்டு நல்லா தேச்சிக் கழுவு'ன்னாரு. சார், அது அம்மா சாம்பல் சார், வாரா வாரம் சலிச்சி சலிச்சி வச்சிக்கினு கீது, ஒரு கல்லு கட்டி கெடந்தாலும் பொறுக்கும், அத்தப் போயி கொட்ட சொல்றியேன்னேன். கேட்டாத்தானே? அம்மா ஊருக்குப் போவசொல்ல 'எஸ்தர், பாத்துக்கோ'ன்னு கையப் புடிச்சி சொல்லிட்டுப் போச்சி. நான் இன்னா பண்றது? பிஸ்கட் டின்னுல வாரி வச்சிக்கினு, தோட்டத்துல கொட்டிட்டேன்னு சார்கிட்ட பொய் சொன்னேன். அங்க வச்சா அதையும் கொட்டிடுவாருன்னு ஊட்டுக்கு எடுத்துக்கினு போனேன், கேட்டுல புடிச்சிக்கினாங்க. பொய் சொன்னதுக்கு வேணா தண்டன குடு. சட்டிய நான் ஒடைக்கல. கழுவி கூடத்துல வச்சிட்டு வந்தேன், முழுசாதான் இருந்திச்சி. இந்தப் பேஜாரெல்லாம் எனக்கு எதுக்கு சார்?"

அட்மின் ஆபீசர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன். அடுத்தவன் பிழைப்பு போகிற இடத்தில் எப்படி ஐயா சிரிப்பு வருகிறது?

"உடைஞ்ச துண்டெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். ஒரு சாக்கில் கொண்டுவந்து போட்டார்கள். மேஜைமேல் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். விளிம்பு சேர்ந்தது. பைன் மரம் சேர்ந்தது, அலை சேர்ந்தது. அடிப்பாகத்தை மட்டும் காணோம். குப்பையில் போயிருக்கும் என்றார் அட்மின் ஆபீசர்.

துண்டுகளைத் திருப்பினேன். உட்புறமெல்லாம் கரி. விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அம்மாள் வைத்திருந்த காலத்தில் சாம்பல் மூடிய இடம் அது, அங்கே புகை ஏற வழியே இல்லை. எஸ்தர் தேய்த்துக் கழுவும்போது குழாயடியில் கைதவறிப் போட்டிருந்தால் உள்ளே பளிச்சென்று இருக்க வேண்டும்.

"கழுவும்போது உடைஞ்ச சட்டிக்குள்ள யார் சார் அடுப்பு மூட்டினது?" என்று கேட்டேன்.

அட்மின் ஆபீசர் செய்தித்தாளின் ஓரத்தை மடித்தார். "லேசா ஒரு ட்ரயல் பார்த்தோம்" என்றார்.

அதற்குமேல் அவரிடம் கேட்டுப் பயன் இல்லை. எழுந்து நேராக டூல் ரூமுக்கு நடந்தேன். ஏன் அங்கே என்கிறீர்களா? இன்ஜினியரிங் ஆலையில் எந்தப் பொருள் மக்கர் செய்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் அதுதான். டிரில்லிங் மெஷினில் நின்றவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஸ்கிராப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பீங்கான் துண்டை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் அரைவட்டமாக, வழவழவென்று ஒரு வெட்டு. பாதித் துளை.

"கரி அணைஞ்சி அணைஞ்சி போவுதுன்னாங்க சார். குமுட்டின்னா காத்து வரணுமே, இதுல ஓட்டையே இல்லியே, ஜப்பான்காரன் மறந்துட்டான் போல, அடியில ஒண்ணு போட்டுக் குடுன்னாரு அட்மின் சாரு. நான் சொன்னேன் சார், இது பீங்கான், விரிசல் விட்டுடும்னு. 'சொன்னதச் செய்'ன்னாரு. டிரில் பிட்டு எறங்கசொல்லவே பட்டுனு விட்டுக்கிச்சி."

ஜப்பான்காரன் மறந்துவிட்டானாம்! எத்தனை தலைமுறை அதில் வெந்நீர் போட்டுக் குடித்திருக்கிறது, குளிர் காய்ந்திருக்கிறது, அவ்வளவு பேரும் ஓட்டை போட மறந்துவிட்டார்களாம், இவர் வந்து கண்டுபிடித்தாராம். சட்டிக்குப் பாதி உயிர் சாம்பலில் இருக்கிறது. சூட்டைத் தாங்குவது அது, கரியை அணையாமல் காப்பது அது. அதைக் குப்பை என்று கொட்டச் சொல்லிவிட்டு, வெறும் பீங்கானில் நெருப்பைப் போட்டு, எரியவில்லை என்று துளையும் போட்டார்கள். சரி, தெரியாமல் செய்துவிட்டார்கள். தெரியாமல் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. உடைந்தபிறகு, 'அந்தப் பெருக்குகிற பொம்பளை போட்டுவிட்டாள் என்று எழுது' என்று தோன்றியது பாருங்கள், அது தெரிந்தே செய்தது.

வொர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அரைத்துளை போட்ட துண்டை அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பெரியவர் வர்றார். சட்டி எங்கேன்னு கேட்டா, உடைச்ச ஆளை டிஸ்மிஸ் பண்ணியாச்சுன்னு சொல்லணும். இன்னிக்கே முடிச்சுடுங்க."

"உடைச்ச ஆள் வேற சார்."

"ஒரு பெருக்குற பொம்பளைக்காக ஓர் ஆபீசரை நிறுத்தச் சொல்றீங்களா? அவளுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும்."

"திருடின்னு எழுதி அனுப்பினா இந்த ரோட்டுல எந்தக் கம்பெனி கேட் பக்கமும் அந்தம்மா நிக்க முடியாது சார். கேட்டுக்குக் கேட்டு சொல்லிடுவாங்க. வயலுக்கும் திரும்பிப் போக முடியாது, அதுலதான் நாம கம்பெனி கட்டிட்டோம்."

அவர் முகம் சிவந்தது. என் பதவி உயர்வைப் பற்றி நாசூக்காக ஏதோ சொன்னார். எனக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு சாதாரணக் கேள்விதான் எனக்குக் கைகொடுத்தது. பொருள் யாருடையது? கம்பெனியுடையது அல்ல. சட்டியும் சாம்பலும் மொரிதா வீட்டுச் சொத்து. சொந்தக்காரரைக் கேட்காமல் திருட்டு என்று எப்படி முடிவு செய்வது?

"மொரிதா அம்மா நாளைக்குக் காலையில வந்துடுவாங்க. அவங்களை விசாரிக்காம நான் முடிக்க மாட்டேன். முடிச்சே ஆகணும்னா வேற ஆளைப் போடுங்க" என்றேன். வேறு ஆளைப் போட்டால் காரணம் எழுத வேண்டும். அதனால் விட்டார்.

கேட்டில் பிடித்து வைத்திருந்த சாம்பல் டின்னை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாட்சிப் பொருள்களுக்குக் கால் முளைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்ப்பீர்கள்.

மறுநாள் மொரிதா அம்மாள் பயண அலுப்போடு நேராக விசாரணை அறைக்கு வந்தார். கணவர் கூடவே வந்து அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொன்னார். வொர்க்ஸ் மேனேஜர் இருந்தார், அட்மின் ஆபீசர் இருந்தார். அம்மாள் மற்ற யாரையும் பார்க்கவில்லை, எஸ்தருக்குத்தான் முதலில் குனிந்து வணக்கம் சொன்னார். எஸ்தர் பதறி எழுந்துவிட்டார். பிறகு மேஜைமேல் கிடந்த துண்டுகளைப் பார்த்து அம்மாள் என்னவோ கேட்டார்.

"சாம்பல் எங்கே என்று கேட்கிறாள்" என்றார் மொரிதா.

சட்டியைப் பற்றிக் கேட்பார், அழுவார், சத்தம் போடுவார் என்று எல்லோரும் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அலமாரியைத் திறந்து டின்னை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைக் கழற்றி, கையை விட்டு அளைந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

அது அவருடைய மாமியார் வீட்டுச் சாம்பல். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாமியார் சலித்துச் சேர்த்து, தள்ளாத வயதில் மருமகள் கையில் கொடுத்தது. அந்தக் காலத்துச் சட்டி தேடினால் இன்னொன்று கிடைக்கும், இந்தச் சாம்பல் எந்தக் கடையிலும் கிடைக்காது என்றார் அம்மாள். எஸ்தரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது தான்தான் என்றும், அவள் பார்த்துக்கொண்டாள் என்றும் சொன்னார்.

எஸ்தர் அட்மின் ஆபீசரைப் பார்த்து, "கேட்டியா சார்?" என்றார்.

அம்மாள் அடிப்பாகத் துண்டை எடுத்தார். அரைவட்டத்தில் விரலை ஓட்டினார். ஒரே ஒரு சொல்லில் எதையோ கேட்டார். மொரிதா அதை மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. அவர் அட்மின் ஆபீசரைப் பார்த்தார். அட்மின் ஆபீசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

இனி விட்டுவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று பிற்பகல், பெரியவர் வந்துபோனதும், மேனேஜர் தீர்ப்பு வாசகத்தை அவரே சொல்லி அனுப்பினார். 'சந்தேகத்தின் பலன் அளித்து விடுவிக்கப்படுகிறார்.' எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவர் அறைக்கே போய், "எந்தச் சந்தேகம் சார்? யாருக்குச் சந்தேகம்?" என்று கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு வார்த்தைதானே?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை ஆயுசுக்கும் கூடவே வரும், இளைஞர்களே. நிரந்தர உத்தரவுக்குக் கோப்பைப் புரட்டுகிற எவனும் அந்த இடத்தில் விரலை வைத்து, 'ஏதோ இருந்திருக்கு போல' என்பான். அதற்குத்தான் அதை எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதியது இது: 'இவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பாற்றியிருக்கிறார்.' துளை போடச் சொன்னவர் மேல் நடவடிக்கை கோரித் தனியாக ஒரு குறிப்பும் வைத்தேன். 'பார்வையிடப்பட்டது' என்று திரும்பி வந்தது. அந்த விவகாரத்தில் மெமோ வாங்கிய ஒரே மனிதர் யார் தெரியுமா? உண்மையைச் சொன்ன டிரில்லிங் ஆபரேட்டர். உத்தரவின்றி வெளிப்பொருளை இயந்திரத்தில் ஏற்றினாராம். என் பதவி உயர்வும் போனது, அதைச் சொல்லி அழப்போவதில்லை.

தீர்ப்பைப் படித்துக்காட்ட எஸ்தரைக் கூப்பிட்டேன். நாற்காலி போட்டேன். அட்மின் ஆபீசரும் முறைப்படி எதிரில் இருந்தார். எஸ்தர் முழுவதும் கேட்டார். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். சர்ச் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். பேனாவைத் திறந்து, தாளின்மேல் குனிந்து, நிறுத்தினார்.

"நான் ஒடைக்கலன்றதுக்கு நான் கையெழுத்துப் போடணும். சரி. ஓட்ட போட சொன்னவரு எங்க சார் போடணும்?"

அட்மின் ஆபீசர் டையைச் சரிசெய்தார். எஸ்தர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அவரு போடட்டும். அப்பறம் கூப்புடு, நான் வந்து போடறேன்" என்று பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பல வருடம் அங்கேயே வேலை பார்த்தார். அந்தத் தாளை நான் ஓய்வு பெறும் நாளில் எடுத்துப் பார்த்தேன். கீழே அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.